மாலை போட்டவருக்கு 41 நாள், டைரி போட்டவருக்குப் பத்து நாள்

சனவரி 1 நம் பஞ்சாங்கத்தில் மார்கழி 16 அல்லது 17. அன்று விடியற்காலையில் திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேரைப் பார்க்கலாம். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியும் துளசிமாலையுமாக இருப்பார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஒரு சொட்டு குடிக்காதவர். மகரவிளக்கு பார்த்துவிட்டுத்தான் மாலையைக் கழற்றுவார். மற்றவர், முந்தின நாள் இரவு புது டைரியின் முதல் பக்கத்தில் ‘இனிமேல் தொடவே மாட்டேன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டவர். பொங்கல் லீவு முடியுமுன் இவர் வழுக்கிவிடுவார் என்பது டீ ஆற்றுகிறவருக்கே தெரியும்.

‘மனவுறுதி இல்லை’ என்று சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிடுவதாக நினைக்கிறோம். அது சரியான விளக்கம் இல்லை. போன வருடம் மாலை போட்டு நின்ற ஆள்தான் பல வீடுகளில் இந்த வருடம் டைரி எழுதித் தோற்கிற ஆள். மனிதரும் மனமும் மாறவில்லை. சுற்றிக் கட்டிய வேலிதான் வேறு.

அந்த வேலியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விரதத்துக்குத் தொடக்க நாள் உண்டு, முடிவு நாளும் உண்டு. ‘கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சுக்கே அதில் இடம் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைக்குப் போன கால்களுக்கு அந்த நேரத்தில் வேறு சோலி கிடைக்கிறது: குளியல், விளக்கு, சரணம், பஜனை. பழைய பழக்கம் இருந்த குழி காலியாக விடப்படுவதில்லை, மண் போட்டு மூடப்படுகிறது. கழுத்தில் மாலை ஊருக்கே தெரிகிறது. வீட்டுக்காரி முதல் கண்டக்டர் வரை ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூடக் குடித்த கூட்டாளியே ‘சாமி, நீங்க போங்க’ என்று விலகிக்கொள்கிறார். வீட்டு அடுப்பில் கறி, மீன் ஏறுவதில்லை, பாய் தனி. கேட்டுச் சொல்ல ஒரு குருசாமி இருக்கிறார். கடைசியில் இருமுடி கட்டிச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக ஒரு பயணம் காத்திருக்கிறது.

டைரிக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் நாள் இல்லை, இடம் இல்லை, அளவு இல்லை, சாட்சி இல்லை.

ஆனால் மாலையிலும் ஓர் ஓட்டை உண்டு. 41-ஆம் நாள் மண்டல பூசை டிசம்பர் 26 அல்லது 27-இல் முடிகிறது. அதோடு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியவருக்கு நாலைந்து நாளில் டிசம்பர் 31 இரவு வருகிறது. 41 நாள் நின்றவர் அன்று ஒரே ராத்திரியில் பழைய ஆள் ஆகிவிடுவதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. விதி மாலையோடு கட்டப்பட்டிருந்தது, ஆளோடு கட்டப்படவில்லை. ஆகவே தீர்மானம் எடுக்கிறவர் விரதத்திடமிருந்து சட்டகத்தைக் கடன் வாங்கலாம். ‘கழற்றிய மறுநாள் என்ன செய்வேன்’ என்பதைத் தானேதான் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வாக்கியத்தைத் திருத்துவது

இதில் ஆய்வாளர்கள் கண்டதும் டீக்கடை கண்டதும் ஒன்றுக்கொன்று பெரிய பகை இல்லை. 1980-களின் பின்பாதியில் அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜான் நார்க்ராஸ், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த 200 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தார். முதல் வாரம் 77 சதவீதம் பேர் நின்றார்கள். இரண்டு வருட முடிவில் 19 சதவீதம். சுவீடனில் ஆயிரத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்து 2020-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ‘இதைச் செய்வேன்’ என்று எடுத்தவர்களில் சுமார் 59 சதவீதமும், ‘இதைச் செய்யமாட்டேன்’ என்று எடுத்தவர்களில் சுமார் 47 சதவீதமும் வருடக் கடைசியில் தாங்கள் வென்றதாகச் சொன்னார்கள். அவர்களே சொன்ன கணக்கு என்பதால் அந்த எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம். ஆனால் திசை நம்பத்தக்கது. ‘செல்லைத் தொடமாட்டேன்’ என்றால் கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கை செல்லைத்தான் தேடும்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொல்லும் உத்தி மிக எளியது: ‘இன்னது நடந்ததும், இன்ன இடத்தில், இன்னதைச் செய்வேன்.’ 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விருப்பத்தைவிட இப்படி எழுதிக்கொண்டவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். காரணம் எளிது. முடிவை முன்கூட்டியே எடுத்தாகிவிட்டது. அந்தக் கணத்தில் மனதோடு வாதாட வேண்டியதில்லை.

அந்த ‘இன்னது நடந்ததும்’ என்ற பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘காலை ஐந்து மணிக்கு’ என்று எழுதுகிறார்கள். அலாரத்தை அமுக்க ஒரு விரல் போதும். தினமும் தானாக நடக்கும் ஒன்றைப் பிடிப்பதே நல்லது: பால் காய்ச்சி இறக்கியதும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி விட்டதும், கடை ஷட்டரை இழுத்துப் பூட்டியதும். ‘உடம்பைக் குறைக்கணும்’ என்பதற்குப் பதில், ‘பிள்ளைகளை வேனில் ஏற்றியதும், வீட்டுக்குள் திரும்பாமல், அப்படியே வாய்க்கால் பாலம் வரை போய் வருவேன்’ என்று எழுதினால் அதில் நேரம், இடம், அளவு மூன்றும் இருக்கின்றன. ‘வீட்டுக்குள் திரும்பாமல்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. உள்ளே போனால் பாத்திரம் கிடக்கும்.

அணையில் எவ்வளவு தண்ணீர்

எத்தனை தீர்மானம் எடுக்கலாம் என்பதற்குத் தாமிரபரணிப் பாசனத்தைவிட நல்ல பாடம் கிடையாது. மழைக்காலத்து நெல் போகமான பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கும். கார் சாகுபடி அப்படி இல்லை. மலையில் பெய்து அணைக்கு வருகிற தண்ணீரை நம்பியது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஆனி மாதம் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்க்காமல் கார் நாற்றுப் பாவுகிற விவசாயி யாரும் இல்லை. தண்ணீர் குறைவு என்றால் இருக்கிற வயல் முழுக்க நடுவதில்லை. ஆசைப்பட்டு நட்டால் முதல் மாதம் பச்சையாகத்தான் இருக்கும். கதிர் வாங்கும் நேரத்தில் கடைமடை காயும். போட்ட விதை, உரம், கூலி அத்தனையும் போகும். தீர்மானமும் அப்படியே: சனவரியில் ஏழும் பச்சை, மாசியில் ஏழும் சருகு.

நம் அணை, வாரத்தின் 168 மணி நேரம். தூக்கம் 49 மணி (ஒரு நாளுக்கு 7), வேலையும் போக்குவரத்தும் 60, சமையல், துணி, பிள்ளைகள், குளியல், சாப்பாடு என்று 35. மிச்சம் 24 மணி நேரம் என்று தெரியும். அதில் விசேஷ வீடு, ஆஸ்பத்திரி, ரேஷன்கடை, வந்த விருந்தாளி எல்லாம் போக, உண்மையில் கையில் நிற்பது ஏழெட்டு மணி நேரம். ஜவுளிக்கடையில் இரவு ஒன்பதரை வரை நிற்கிறவருக்கும், பீடி சுத்திக்கொண்டே வீட்டையும் பார்க்கிற பெண்களுக்கும் அதுவும் இராது. டிசம்பர் கடைசி வாரம் ஒரு தாளில் ஏழு நாளையும் உள்ளபடியே குறித்துப் பார்த்தால் இது வெளிச்சமாகிவிடும். வாரம் ஏழு மணி நேரத்தில் ஒரு பெரிய தீர்மானமும் ஒரு சிறியதும் வளரும். மூன்றாவதை ஆவணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடை

பலரும் எடுப்பதும் சீக்கிரம் கைவிடுவதுமான தீர்மானங்களில் இது ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாக. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி; அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். மூச்சு வாங்கினாலும் பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது என்பது மிதத்துக்குக் கைக்கணக்கு.

தவறு முதல் நாளிலேயே நடக்கிறது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் சனவரி முதல் வாரம் புது ஷூவோடு ஒரு மணி நேரம் சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். நாலாம் நாள் குதிகால் வலி, கெண்டைக்கால் பிடிப்பு. பத்தாம் நாள் ஆளில்லை. பல வருடம் நடக்காத உடம்புக்கு முதல் இரண்டு வாரம் 15 நிமிடம் போதும், வாரம் ஐந்து நாள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் 30 நிமிடத்தைத் தொடலாம். பைய ஏறுவது தோல்வி இல்லை.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுக்கிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை நடக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும். நடைக்கு முன் என்ன சாப்பிடுவது, மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப்பையில் கொஞ்சம் சீனியோ மிட்டாயோ வைத்துக்கொள்வது நல்லது. நடக்கையில் நெஞ்சு அழுத்தம் வந்தால் அது ‘வாய்வு’ என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது தடை பங்குனி வெயில். மார்கழியில் ஏழரை மணிக்கு நடந்தவருக்குப் பங்குனியில் அதே நேரம் தலை சுடும். நேரத்தை மாற்ற வேண்டும் என்று முன்பே எழுதி வைக்காதவர் நடையையே விட்டுவிடுவார். மூன்றாவது ஐப்பசி மழை. அந்த நாட்களுக்கு மொட்டைமாடிப் படியில் பத்துத் தடவை ஏறி இறங்குவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளலாம். துணைக்கு ஒரு ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘என்ன அண்ணாச்சி, நேத்து ஆளக் காணோம்?’ என்று மைதானத்து வாசலில் ஒருவர் கேட்பதற்கு உள்ள பலம், கையில் கட்டுகிற எந்தக் கருவிக்கும் கிடையாது.

பணம்

‘மிச்சம் பிடிக்கணும்’ என்ற சொல்லிலேயே குறை இருக்கிறது. செலவு போக மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்றால் மிஞ்சாது. சம்பளம் கைக்கு வந்த அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடகில் இருக்கும் சங்கிலியை ஒரு வருடத்தில் மீட்பது தீர்மானம், அசல் 36,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 52 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரம் சுமார் 692 ரூபாய். இந்தக் கணக்குதான் எல்லாரையும் கவிழ்க்கிறது. பொங்கல், ஊர்க் கோயில் கொடை, ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பு, தீபாவளி, கூடவே ஒரு காய்ச்சல் என்று ஏழு வாரமாவது ஒன்றும் வைக்க முடியாது. 45 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரம் 800. அந்த 800 முடியாது என்றால் தீர்மானம் ஒரு வருடத்துக்கு உரியது இல்லை, ஒன்றரை வருடத்துக்கு உரியது. அதை டிசம்பரிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. வட்டி தனி. அசலைப் பகுதி பகுதியாகக் கட்ட வாங்குவார்களா என்று கடன் வாங்கிய இடத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சில நகைக்கடன்களில் முடிவில் மொத்தமாகத்தான் கட்ட முடியும். அப்போது சேர்க்கிற பணத்துக்கு வீட்டு அலமாரி அல்லாத ஓர் இடம் வேண்டும்.

தபால் அலுவலகத் தொடர் வைப்பு ஐந்து வருடத்துக்கு உரியது, மாதம் குறைந்தது 100 ரூபாய். மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பின் தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை தவணை. விட்டால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நாலு மாதம் விட்டால் கணக்கு நின்றுவிடும். 25-ஆம் தேதிக்கு மேல் கையில் பணம் பார்க்கிறவர் மாதத்தின் முதல் பாதியில் கணக்குத் தொடங்கினால் வருடம் முழுக்க அபராதம்தான். தொடங்குகிற தேதியைத் தன் சம்பளத் தேதிக்குத் தக்கபடி தேர்ந்துகொண்டால் பாதித் தொல்லை இல்லை.

சனவரியில் தொடங்கும் சேமிப்புக்கு முதல் எதிரி தை மாதக் கல்யாணங்கள். மொய்யும் போக்குவரத்தும் எதிர்பாராத செலவு என்று யாரும் சொல்ல முடியாது. பத்திரிகை மார்கழியிலேயே வந்துவிடுகிறது. அதை எண்ணி ஒரு தொகையை முன்பே ஒதுக்காவிட்டால், சேமிப்புப் பணம்தான் மண்டபத்துக்குப் போகும்.

படிப்பு

அரசுத் தேர்வு எழுதுகிறவர்களின் தீர்மானம் பெரும்பாலும் ‘தினமும் எட்டு மணி நேரம்’ என்று தொடங்குகிறது. குரூப் 4 தேர்வு 200 வினா, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 வினா தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. பாடப்பரப்பை மணிநேரத்தால் அளக்காமல் பாடங்களால் அளப்பது நல்லது. டிசம்பரில் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, படித்து, 20 வினா போட்டுத் திருத்தி, கடிகாரம் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆயிற்று என்றால் 60 பாடத்துக்கு 120 மணி. வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மனிதர் போடும் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதை உளவியலாளர்கள் டானியல் கானமானும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சொன்னார்கள். ஆகவே ஒன்றரை மடங்காக்கி 180 மணி. வேலைக்குப் போகிறவருக்குத் தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் ஏழு மாதத்துக்கு மேல். தேர்வு மே மாதம் என்றால் எந்தப் பாடத்தை விடப்போகிறோம் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளலாம்.

குடி, பீடி, சிகரெட்

இதில் ஒரு எச்சரிக்கை. வருடக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் சனவரி 1 அன்று திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இல்லாத உருவங்கள் தெரிவது வரை போகலாம். உயிருக்கும் மோசம் வரலாம். ‘மாலை போட்டப்ப ஒண்ணும் ஆகலியே’ என்று தைரியம் சொல்லக் கூடாது, வருடங்கள் ஏறியிருக்கும். அப்படிப்பட்டவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாதிரியான அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். புகையை நிறுத்துவதில் இந்த ஆபத்து இல்லை, எரிச்சல்தான். ஒவ்வொரு தவிப்பும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வாயில் கிராம்போ கையில் ஒரு வேலையோ தயாராக இருக்க வேண்டும். புகையிலையை நிறுத்த இலவச எண் 1800-11-2356.

ஒரு நாள் விட்டால்

‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்பது பரவலான பேச்சு. அதன் ஊற்று மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-இல் எழுதியது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கண்டதைச் சொன்னார்; அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படியும், உடற்பயிற்சி தாமதமாகும். சனவரி 1-இலிருந்து 66-ஆம் நாள் மார்ச் 7. மாசி பாதி தாண்டிவிடும். 41 நாள் விரதம் முடிந்ததும் பழையது திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி: ஒரு நாள் விட்டால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. கெடுப்பது இரண்டாம் நாள். நம்மில் அதற்குப் பழமொழியே உண்டு: நனைந்தபின் முக்காடு எதற்கு. ஓர் அல்வாத் துண்டு தின்றவர் ‘சரி, இன்னைக்குக் கெட்டாச்சு’ என்று கால் கிலோவை முடிப்பதை உளவியலாளர்கள் ஜேனட் போலிவியும் பீட்டர் ஹெர்மனும் உணவுக் கட்டுப்பாடு பற்றிய சோதனைகளில் வேறு பண்டங்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

எந்த நாட்கள் விடுபடும் என்பது நமக்கு முன்பே தெரியும் என்பதுதான் வேடிக்கை. பொங்கல், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், சித்திரை வைகாசியில் கொடை, சாரல் தொடங்கினால் குற்றாலத்துக்கென்று வந்து இறங்கும் சொந்தம், குலசை தசரா, தீபாவளி. காலண்டரில் இவற்றைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த நாட்களுக்குக் குறுவடிவம் ஒன்று எழுதிக்கொள்ளலாம்: 30 நிமிட நடைக்குப் பதில் 5 நிமிடம், ஒரு பாடத்துக்குப் பதில் ஐந்து வினா, 800-க்குப் பதில் 50 ரூபாய். கண்ணி அறாமல் இருந்தால் போதும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்ட பிறகு வந்த சனவரி 1-இல் பல வீடுகளில் சேறு அள்ளுவது ஒன்றுதான் தீர்மானம். அப்படிப்பட்ட வருடத்தில் தேதியைத் தள்ளிப் போடுவது சோம்பல் ஆகாது.

தள்ளிப் போட நமக்கு நாள் பஞ்சமும் இல்லை. ஹெங்சென் டாய், காதரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2014-இல் காட்டியது, வாரம், மாதம், வருடம், பிறந்தநாள் என்று எந்தத் தொடக்கத்திலும் மக்கள் புதிதாக முயல்கிறார்கள் என்பதை. இந்தச் சீமையில் தொடக்கங்கள் ஏராளம். தை 1 இருக்கிறது. கணக்குவழக்குக்கு ஏப்ரல் 1, வருவாய்த் துறையின் பசலிக்கு ஜூலை 1. பழைய பத்திரங்களில் காணும் கொல்லம் ஆண்டுக்கு ஆவணி 1. எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்திரை விசு.

ஞாயிறு இரவு பத்து நிமிடம், ஒரு நாற்பது பக்க நோட்டில், ஏழு நாளில் எத்தனை நாள் நடந்தது என்று ஒரு எண்ணும், விட்ட நாட்களுக்குச் சேர்த்து ஒரு வரிக் காரணமும் எழுதினால் போதும். தொடர்ந்து இரண்டு வாரம் நாலுக்குக் கீழே இறங்கினால் அளவைப் பாதியாக்க வேண்டும். ‘அடுத்த வாரம் சேர்த்துச் செய்கிறேன்’ என்று இரட்டிப்பாக்குகிறவர்தான் முற்றாக விடுகிறார். சித்திரை 1-க்குள் பதினைந்து வரிகள் சேர்ந்திருக்கும். பிசானம் அறுத்து முடிந்திருக்கும், ஊர்ப்புறத்தில் பொன்னேர் பூட்டுவார்கள். காலையில் கனி கண்டுவிட்டு அந்தப் பதினைந்து வரிகளை ஒரு தடவை வாசித்தால், எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும். பாதிக்கு மேல் ‘தூக்கம்’ என்றிருந்தால் பிரச்சினை நடையில் இல்லை, இரவு பதினொன்றரை மணி செல்போனில் இருக்கிறது; இனி திருத்தி எழுத வேண்டியது அந்த வாக்கியத்தை.